இறைப்பு இயந்திரத்தின் கடிவாளம்

யுத்தத்தின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் மீளக்குடியேறிய குடும்பங்களுக்குக் கிடைத்த வாழ்வாதார உதவிகளை எண்ணிப் பார்த்தால், தையல் இயந்திரம், ஆடு, கோழிக்கூடு என்பவற்றோடு நீரிறைக்கும் இயந்திரமும் அதில் இருக்கும். தையல் இயந்திரம் பெண்ணுக்குரியது, நீரிறைக்கும் இயந்திரம் ஆணுக்குரியது என்று எமது சமூகம் ஒரு பிரிப்பை வைத்திருக்கிறது. ஆனால் கணவனை இழந்த பெண்கள், கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள், காயமடைந்து படுக்கையிலிருக்கும் கணவனைப் பராமரிக்கும் பெண்கள் ஆகியோரின் வீடுகளில் இந்தப் பிரிப்பு என்றோ உடைந்துவிட்டது. விடியற்காலையில் இயந்திரத்தைக் கிணற்றடிக்குக் கொண்டு செல்வதும், கயிற்றை இழுத்து இயக்குவதும், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவதும் இன்று அவர்களே.

இயக்குவதற்குப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் இயந்திரத்தின் சத்தம் மாறினால், வேகம் ஏறி இறங்கினால், இழுவை குறைந்தால் என்ன செய்வது என்ற கேள்வி வரும்போது, அது இன்னும் ஆண்களின் உலகமாகவே இருக்கிறது. கராஜுக்குக் கொண்டுபோக ஓட்டோக் கூலி வேண்டும். மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிட்டால் கூலியோடு வேறொரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. "மெக்கானிக் ரெண்டு தரம் வந்திட்டுப் போனா மூண்டாந்தரம் ஊர் கதைக்கும் தங்கச்சி" என்று ஒரு சகோதரி என்னிடம் சொன்னார். தனித்து வாழும் பெண்ணின் படலையை யார் திறக்கிறார்கள் என்பதைக் கவனிப்பதற்கு எமது கிராமங்களில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

இந்தக் கட்டுரை நீரிறைக்கும் இயந்திரத்தின் ஒரேயொரு பகுதியைப் பற்றியது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி அது. திரொட்டில், கவர்னர் என்று அதனைச் சொல்வார்கள். கையளவு இடத்தில் ஒரு கம்பி, ஒரு ஸ்பிரிங், ஒரு சிறிய கை. இவ்வளவுதான். ஆனால் எரிபொருள் செலவும், இயந்திரத்தின் ஆயுளும், சில வேளைகளில் ஒரு போகத்தின் பயிரும் இதிலேயே தங்கியிருக்கின்றன.

ஒரு துண்டுக் கம்பி

கிளிநொச்சி மாவட்டத்தின் கிராமமொன்றில் வசிக்கும் அந்தச் சகோதரி இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் 2009 இல் காணாமல் போனவர். அரை ஏக்கரில் மிளகாய் வைத்திருந்தார். 2 அங்குலப் பம்பியொன்றைக் கடன்பட்டு வாங்கி, கிழமைக்குக் கிழமை தவணை கட்டி வந்தார்.

ஒரு நாள் இயந்திரம் இழுவை குறைந்து, தண்ணீர் மெல்லமாக வரத் தொடங்கியது. திருத்த வந்த இளைஞர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, ஒரு துண்டுக் கம்பியை எடுத்து இயந்திரத்தின் பக்கத்திலிருந்த சிறிய கையொன்றை அசையாமல் இழுத்துக் கட்டினார். "இனிப் பாருங்கோ அக்கா, தண்ணி எப்பிடி அடிக்குதெண்டு." உண்மையிலேயே தண்ணீர் அடித்தது. எல்லோருக்கும் சந்தோசம்.

மூன்று கிழமை கழிந்தது. ஆவணி மாத வெயிலில் கிணற்று நீர் இறங்கிவிட்டது. அவர் தோட்டத்தின் மறு எல்லையில் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த வேளையில், கிணற்றுக்குள் இருந்த குழாய் தண்ணீரை விட்டுக் காற்றை இழுத்தது. பாரம் இல்லாமற் போன இயந்திரம் கூக்குரலிட்டது. அவர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளேயிருந்த கொனெக்ரிங் றொட் முறிந்து, ஒயில் நிற்கும் அடிப்பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. பூத்து நின்ற மிளகாய்க்குப் பிள்ளைகளோடு சேர்ந்து வாளியால் அள்ளி ஊற்றினார். பாதிக் கன்றுகள்தான் தப்பின. தவணைப் பணம் மட்டும் நிற்கவில்லை.

"மெசின் போனது கவலைதான் பிள்ளை. ஆனா அந்தக் கம்பியைக் கட்டேக்க நான் பக்கத்திலதான் நிண்டனான். அது என்னத்துக்கெண்டு கேக்க எனக்குத் தெரியேல்லை."

இயந்திரத்தைப் பெண்ணின் கையில் கொடுத்த நாங்கள், அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் அறிவைக் கொடுக்கவில்லை. இதன் பின்னரே எமது பெண்கள் குழுவொன்றுக்கு, இளைப்பாறிய தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவரை அழைத்துச் சில வகுப்புகளை நடத்தினோம். சமூகவியல் படித்த நானும் பாயில் அமர்ந்து அவர்களோடு கற்றவள்தான். அங்கு கற்றதையும், பின்னர் தோட்டங்களில் பெண்கள் செய்து பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது?

எரிபொருளும் காற்றும் கலக்கும் இடம் காபரேற்றர். அதன் வாயிலில் காசு வடிவிலான ஒரு சிறிய தகடு இருக்கிறது. அது திரும்பித் திறந்தால் கலவை அதிகமாகப் போகும், இயந்திரம் வேகமெடுக்கும். மூடினால் வேகம் குறையும். இந்தத் தகடுதான் திரொட்டில்.

வெளியே நாம் முன்னும் பின்னும் தள்ளுகின்ற வேகக் கைப்பிடி இந்தத் தகட்டை நேரடியாகத் திறக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான நீரிறைக்கும் இயந்திரங்களில் அப்படியல்ல. கைப்பிடி ஒரு ஸ்பிரிங்கை இழுக்கிறது. ஸ்பிரிங் கவர்னர் கையை இழுக்கிறது. அந்தக் கை ஒரு மெல்லிய கம்பியால் தகட்டைத் திறக்கிறது.

இதற்கு எதிராக இன்னொரு சக்தி வேலை செய்கிறது. இயந்திரத்தின் அடிப்பெட்டிக்குள் ஒரு பற்சில்லில் சிறிய பாரங்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. இயந்திரம் வேகமாகச் சுழலச் சுழல அந்தப் பாரங்கள் வெளிப்பக்கமாக விரியும். இராட்டினம் வேகமெடுக்கும்போது அதிலிருக்கும் பிள்ளைகள் வெளிப்பக்கமாகத் தள்ளப்படுவது போன்றதே இது. விரிகின்ற பாரங்கள் ஒரு தண்டைத் திருப்பி, அதே கவர்னர் கையை மறுபக்கம் தள்ளித் தகட்டை மூடப் பார்க்கின்றன.

ஆகவே ஸ்பிரிங் திறக்கப் பார்க்கிறது, பாரங்கள் மூடப் பார்க்கின்றன. இரண்டும் சமப்படுகின்ற இடத்தில் வேகம் நிற்கிறது. குழாயில் தண்ணீர் ஏறிப் பாரம் கூடினால் வேகம் சற்று இறங்கும். உடனே பாரங்கள் சுருங்கும். ஸ்பிரிங் வென்று தகட்டைத் திறக்கும். குழாய் காற்றை இழுத்துப் பாரம் இல்லாமற் போனால் வேகம் ஏறும்; பாரங்கள் விரிந்து தகட்டை மூடும். நாங்கள் தோட்டத்தின் மறு எல்லையில் நிற்கும்போதும் எமக்காக ஒரு கை திரொட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊர்த் துலாவை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பட்டையின் பாரம், மறுபக்கம் துலா மிதிப்பவரின் பாரம். அவர் முன்னே நடந்தால் பட்டை இறங்கும், பின்னே நடந்தால் ஏறும். துலா மிதிப்பவரை ஓரிடத்தில் கட்டிவைத்துவிட்டால் இறைப்பு நடக்குமா? கவர்னர் கையைக் கம்பியால் கட்டுவதும் அப்படித்தான். தையல் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் இலகுவாக விளங்கும். மேல் நூலின் இறுக்கமும் கீழ் நூலின் இறுக்கமும் சமப்பட்டால்தான் தையல் நேராக விழும். அந்தச் சிறு திருகாணியைத் திருகித் துணியில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யும் கைகளுக்கு, கவர்னரும் அந்நியமான வேலையல்ல.

இது புதிய யோசனையும் அல்ல. நீராவி இயந்திரத்துக்கு ஜேம்ஸ் வாட் 1788 இல் சுழலும் இரண்டு குண்டுகளைக் கொண்ட கவர்னரைப் பொருத்தினார். அதற்கு முன்னரே காற்றாலைகளில் இத்தகைய குண்டுகள் பயன்பட்டன. கவர்னர் சில வேளைகளில் நிலைகொள்ளாமல் ஏன் ஏறி இறங்குகிறது என்பதை ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி 1868 இல் கணித முறையில் ஆராய்ந்து எழுதினார். அவரை யோசிக்க வைத்த அதே கோளாறுதான் இன்றும் எமது கிணற்றடியில் "உறுமுது, இறங்குது" என்று நாம் சொல்வது.

புல்வெட்டும் தள்ளு இயந்திரங்கள் சிலவற்றில் சுழலும் பாரங்களுக்குப் பதிலாகக் காற்றை நம்பிய ஒரு சிறு தகடு இருக்கும். பிளைவீலின் விசிறிக் காற்று அந்தத் தகட்டைத் தள்ளித் திரொட்டிலை மூடும். புல்லுத் தும்பு அடைத்துக் காற்று குறைந்தால் தகடு தள்ளப்படாது, இயந்திரம் அளவுக்கு மீறி ஓடும். அவற்றைத் துப்பரவாக வைத்திருப்பதே முதல் வேலை. தோளில் கொழுவிப் புல்வெட்டும் இயந்திரங்களில் பெரும்பாலும் கவர்னர் கிடையாது. அங்கே விரல்தான் கவர்னர்.

கவர்னரைத் தொடுவதற்கு முன்

வேகம் ஏறி இறங்கினால் பலரும் உடனே ஸ்பிரிங்கை இழுக்கிறார்கள். அநேகமாகக் கோளாறு அங்கே இருப்பதில்லை. பின்வருவனவற்றை முதலில் பாருங்கள்.

1. காற்று வடிகட்டி புழுதியால் அடைபட்டிருக்கிறதா? எமது செம்மண்ணில் இது விரைவில் அடைபடும். பஞ்சு வகை என்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்தி, இயந்திரத்தின் கைநூல் சொல்லும் விதமாக ஒயில் பூசிப் பிழிந்து போடலாம்.

2. எரிபொருளில் தண்ணீரோ கசடோ கலந்திருக்கிறதா? காபரேற்றரின் அடிக் கிண்ணத்தில் தேங்கும் கசடு, ஊசித்துளை போன்ற வழிகளை அடைக்கும். எரிபொருள் போதாமல் இயந்திரம் விக்கி விக்கி ஓடுவதற்கு இதுவே முதற் காரணம்.

3. ஒயில் அளவு சரியா? கவர்னரின் பாரங்களும் அந்த ஒயிலில்தான் சுழல்கின்றன.

4. பிளக் கரி பிடித்திருக்கிறதா? இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும்.

5. கம்பியிலும் ஸ்பிரிங்கிலும் வைக்கோல், சருகு, காய்ந்த சேறு சிக்கியிருக்கிறதா? இயந்திரம் நின்றிருக்கும்போது கவர்னர் கையை விரலால் அசைத்துப் பாருங்கள். இறுகாமல் இலேசாகப் போய்வர வேண்டும்.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெற்றோலில் தொடங்கி, நன்றாகச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தினால், காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்காது. அடுத்த நாள் கயிறு இழுத்துக் கை நோகாது. 1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கி வடக்கிற்கு எரிபொருள் தடைசெய்யப்பட்ட ஆண்டுகளில், சில துளி பெற்றோலை விட்டு இயக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலத்தை எமது மூத்த பெண்கள் மறக்கவில்லை. அதே தத்துவம்தான் இது.

சரிசெய்யும் முறை

இவற்றையெல்லாம் பார்த்த பின்னரும் கோளாறு தீரவில்லை என்றால், அல்லது யாரோ கழற்றிப் பூட்டிய பின்னர் வேகம் பிழைத்துவிட்டது என்றால், கவர்னரைச் சரிபார்க்கலாம். இயந்திரம் நின்று ஆறியிருக்க வேண்டும். பிளக் வயரைக் கழற்றி வையுங்கள். கழற்றுவதற்கு முன்னர் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் எந்தத் துளையில் கொழுவியிருந்தது என்பதை அந்தப் படம் சொல்லும்.

முதலாவது படி. கவர்னர் கை ஒரு தண்டின் மேல் நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அந்த நட்டை ஸ்பனரால் தளர்த்துங்கள். முற்றாகக் கழற்றத் தேவையில்லை.

இரண்டாவது படி. கவர்னர் கையை, திரொட்டில் தகடு முழுவதும் திறக்கும் பக்கமாகத் தள்ளிப் பிடியுங்கள்.

மூன்றாவது படி. கையை அப்படியே பிடித்தபடி, அது சாய்ந்த அதே திசையில் தண்டின் முனையைக் குறட்டால் மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் அதற்கு மேல் போகாது. பலம் கொடுக்க வேண்டாம். உள்ளே இருப்பவை மென்மையான பாகங்கள்.

நான்காவது படி. இரண்டையும் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இதற்கு இருவர் இருந்தால் நல்லது. இறுக்கிய பின் கை இலேசாக அசைகிறதா என்று மீண்டும் பாருங்கள்.

ஐந்தாவது படி. பிளக் வயரைப் பூட்டி, குழாயில் தண்ணீர் நிரப்பி, வேகக் கைப்பிடியைக் குறைவில் வைத்து இயக்குங்கள். நிறுத்தும் சுவிட்சில் ஒரு விரல் இருக்கட்டும். இயங்கியவுடன் இயந்திரம் கத்திக்கொண்டு வேகமெடுத்தால் ஒரு நொடியும் பார்க்காமல் நிறுத்துங்கள். சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் சோக்கை முழுவதும் மூடினால் நின்றுவிடும். கம்பி கழன்றிருக்கலாம், அல்லது கை தவறான பக்கத்தில் இறுகியிருக்கலாம்.

ஆறாவது படி. ஐந்து நிமிடமாவது ஓடிச் சூடேறிய பின்னர், கைப்பிடியை முற்றாகக் குறைத்து, காபரேற்றரிலுள்ள ஆறுதல் வேகத் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருகுங்கள். இயந்திரம் நின்றுபோகாமலும் பதறாமலும் ஒரே சீராக ஓடும் இடமே சரியான இடம். எமது தோட்டங்களில் அதிகமாகக் காணப்படும் 160 சீ.சீ. அளவான பெற்றோல் இயந்திரங்களில் இது நிமிடத்திற்கு 1400 சுற்று அளவில் இருக்கும்.

வேகக் கைப்பிடி எந்த அளவுக்கு மேல் போகக்கூடாது என்று தடுக்கும் திருகாணியொன்றும் இருக்கிறது. அதைச் சத்தத்தை மட்டும் நம்பித் திருகக்கூடாது. பல பம்பி இயந்திரங்கள் நிமிடத்திற்கு 3600 சுற்று அளவில் வேலை செய்யவே அமைக்கப்பட்டவை. அதாவது நொடிக்கு 60 சுற்று. வேகம் மூன்றிலொரு பங்கால் கூடி 4800 ஆனால், உள்ளே மேலும் கீழும் பாயும் பாகங்களை இழுக்கும் விசை மூன்றிலொரு பங்கால் மட்டும் கூடுவதில்லை, ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும். கம்பி கட்டிய இயந்திரம் உடைந்த காரணம் இதுதான். பிளக் வயரில் சுற்றிச் சுற்று எண்ணிக்கை பார்க்கும் சிறிய மானி கடைகளில் கிடைக்கிறது. தனியொருவர் வாங்கத் தேவையில்லை. ஒரு சங்கத்துக்கு ஒன்று போதும்.

சத்தம் சொல்லும் செய்தி

வேகம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடினால்: முதலில் காபரேற்றர் கசட்டையும், இறுகிய கம்பியையும் சந்தேகியுங்கள். அதன் பின்னர் ஸ்பிரிங் கொழுவியுள்ள துளையைப் பாருங்கள். கவர்னர் கையில் பல துளைகள் இருந்தால், தண்டுக்குக் கிட்டிய துளையில் கொழுவும்போது கவர்னர் மிகவும் உணர்ச்சியாக வேலை செய்யும். அதனாலேயே நிலைகொள்ளாமலும் போகலாம்.

தண்ணீர் ஏறியதும் வேகம் இறங்கி மீளாவிட்டால்: ஸ்பிரிங் இளகியிருக்கலாம், கவர்னர் கையின் நட் தளர்ந்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம். பம்பிக்குள் கல்லோ தும்போ சிக்கியிருப்பதும் உண்டு.

கைப்பிடியைக் கூட்டியும் குறைத்தும் ஒரே வேகத்தில் ஓடினால்: எங்கோ ஏதோ கட்டப்பட்டிருக்கிறது, அல்லது கழன்றிருக்கிறது.

ஸ்பிரிங் பழுதானால் அதே இயந்திரத்துக்குரிய ஸ்பிரிங்கையே கேட்டு வாங்குங்கள். சைக்கிள் ஸ்பிரிங்கை வெட்டிப் போடுவதும், பழையதை இழுத்து நீட்டுவதும், துலாவின் பாரக் கல்லை மாற்றிவிட்டு முன்போலவே இறைக்கலாம் என்று நினைப்பதைப் போன்றது.

வேகத்தைக் குறைத்தால் என்ன மிச்சம்?

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாக உயர்ந்தபோது, எத்தனையோ தோட்டங்கள் தரிசாகின. எரிபொருள் விலை எமது கையில் இல்லை. ஆனால் வேகக் கைப்பிடி எமது கையில் இருக்கிறது.

எப்போதும் முழு வேகத்தில் வைத்தால்தான் வேலை விரைவில் முடியும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. பம்பியின் கணக்கு வேறு. வேகத்தைப் பத்திலொரு பங்கு குறைத்தால் தண்ணீரும் ஏறத்தாழப் பத்திலொரு பங்குதான் குறையும். ஆனால் பம்பி இயந்திரத்திடம் கேட்கும் வலு கால்வாசிக்கும் சற்று அதிகமாகக் குறைந்துவிடும். ஆழக் கிணறாயின் தண்ணீர் இதைவிட அதிகமாகக் குறையும். மிக மெதுவாக வந்தால் மண் வாய்க்காலிலேயே ஊறிப்போகும். ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் ஓர் அளவு கிடையாது. ஒவ்வொருவரும் தமது கிணற்றுக்கு அளந்து பார்க்க வேண்டும்.

அளப்பது கடினமல்ல. ஒரு பரலை வைத்து, முழு வேகத்தில் அது நிரம்ப எத்தனை நொடி எடுக்கிறது என்று பாருங்கள். பின்னர் கைப்பிடியைச் சற்றுக் குறைத்து மீண்டும் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஒரு முறை தோட்டம் முழுவதும் இறைத்து, செலவான எரிபொருளைப் போத்தலால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். நான்கு இறைப்பில் உங்கள் தோட்டத்துக்கு ஏற்ற இடம் தெரிந்துவிடும். கைப்பிடியின் பக்கத்தில் அந்த இடத்துக்கு நிறப்பூச்சால் ஓர் அடையாளம் வையுங்கள். எமது குழுவில் சிலர் நகப்பூச்சால் குறித்திருக்கிறார்கள்.

உயிரை விட அவசரம் எதுவுமில்லை

நீரை உறிஞ்சி எடுக்கும் பம்பியால் ஏறத்தாழ 25 அடிக்கு மேல் ஆழத்திலிருந்து இழுக்க முடிவதில்லை. எவ்வளவு வேகம் கூட்டினாலும் இது மாறாது. இதனால் வறட்சியில் சிலர் இயந்திரத்தையே கிணற்றுக்குள் இறக்கி இயக்குகிறார்கள். அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. கிணற்றுக்குள் அது தேங்கி நிற்கும். இவ்வாறு கிணற்றில் இறங்கியவரும், அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் உயிரிழந்த செய்திகளை எமது பத்திரிகைகளில் பல தடவை வாசித்திருக்கிறோம். எந்த இறைப்பு இயந்திரத்தையும் கிணற்றுக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ இயக்காதீர்கள். இயங்கி நின்ற இயந்திரத்தினுள்ளே இறங்கவும் வேண்டாம். அதாவது, புகை தங்கிய கிணற்றுக்குள் இயந்திரம் நின்றபின்னும் இறங்காதீர்கள்.

சூடான இயந்திரத்துக்கு எரிபொருள் ஊற்றாதீர்கள். சேலை முந்தானை, சட்டைத் துணி, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றை இறுகக் கட்டிய பின்னரே அருகில் செல்லுங்கள். ஓடும் இயந்திரத்தின் கவர்னர் கையைக் கையால் பிடித்து நிறுத்திப் பார்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கற்றுக்கொண்ட பின்னர்

பெண்கள் எல்லோரும் மெக்கானிக்காக மாற வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் எண்ணம் அல்ல. பிஸ்டன் மாற்றுவதற்கும் காபரேற்றரை முழுமையாகக் கழற்றுவதற்கும் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். ஆனால் போகும்போது "மெசின் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், "பாரம் ஏறினா வேகம் விழுது, வடிகட்டி கழுவிப் பார்த்திட்டன், ஸ்பிரிங் இளகின மாதிரி இருக்கு" என்று சொல்லும் பெண்ணிடம் யாரும் தேவையில்லாத பாகத்துக்குக் காசு வாங்குவது இலகுவல்ல. எமது வகுப்புக்கு வந்தவர்களில் ஒருவர், இப்போது அயலிலுள்ள பெண்கள் கூப்பிட்டால் ஸ்பனரோடு போய் வருகிறார். அவர் படலையைத் திறந்தால் ஊர் கதைப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் கூலியாக வாங்குவது பெரும்பாலும் கத்தரிக்காயும் கச்சானும்தான். ஆனால் அவருடைய பன்னிரண்டு வயது மகள், "அம்மா மெசின் திருத்துவா" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள். அந்தச் சிறுமியின் மனதில் ஆண் வேலை, பெண் வேலை என்ற கோடு எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்த மூன்று விடயங்களை முன்வையுங்கள். சங்கத்துக்கென ஒரு ஸ்பனர் தொகுதி, ஒரு குறடு, ஒரு சுற்று மானி வாங்குவது. இயந்திரம் வைத்திருக்கும் பெண்கள் அனைவரும் ஒரு நாள் தமது இயந்திரங்களோடு ஓரிடத்தில் கூடுவது. உங்கள் பிரதேசத்தில் தெரிந்த ஒருவரை, ஆணோ பெண்ணோ, அரை நாள் அழைத்துக் கேட்டுக் கற்பது. காலபோகம் முடிந்து தோட்டங்களுக்கு இறைப்புத் தொடங்கும் முன்னர் இதைச் செய்துவிட்டால், கோடையில் கிணற்றடியில் உங்கள் இயந்திரத்தின் சத்தம் ஒரே சீராகக் கேட்கும்.